இருவர் ஏறும் வண்டி எது?

மோட்டார் சைக்கிள் வாங்குமுன் பின்னால் உட்காருபவரையும் கேட்க வேண்டும்

காலை ஏழரை மணிக்கு ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளி பக்கம் நின்று பார்த்தால் போதும். ஒன்றன்பின் ஒன்றாக மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்கும். பின் சீட்டிலிருந்து பெண்கள் இறங்குவார்கள். தோளில் ஒரு பை. பைக்குள் சாப்பாட்டு டப்பா. இறங்கியதும் சேலையைச் சரிசெய்துகொண்டு கார்மெண்ட்ஸ் தொழிற்சாலை வாசலை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். கணவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு பொம்மசந்திராவுக்கோ எலெக்ட்ரானிக் சிட்டிக்கோ பறப்பார்.

மாலையில் இதே காட்சி எதிர்ப்பக்கம் நடக்கும்.

மாதத்தில் 26 வேலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால் போக வர 52 தடவை. ஒரு தடவைக்கு 8 கிலோ மீட்டர் என்றால் மாதம் 416 கிலோ மீட்டர். ஆண்டுக்கு ஏறக்குறைய 5 ஆயிரம் கிலோ மீட்டர்! பெங்களூருக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே ஏழு முறை பயணம் செய்த தூரத்தை அந்தப் பெண் பின் சீட்டில் உட்கார்ந்தே கடந்துவிடுகிறார்.

ஆனால் வண்டி வாங்கிய அன்று கடையில் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். "எவ்வளவு மைலேஜ் கொடுக்கும்? தவணை எத்தனை மாதம்? கறுப்பு இருக்கிறதா, சிவப்பு இருக்கிறதா?" என்பதோடு பேச்சு முடிந்திருக்கும். பின் சீட்டில் உட்காரப்போகிறவர் வண்டியை முதன்முதலாகப் பார்ப்பது, மாலை போட்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கும்போதுதான்.

இது சின்ன விஷயம் அல்ல. 2022-ம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர் இறந்தார்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50 ஆயிரத்து 29 பேர். இதில் 14 ஆயிரத்து 337 பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்ல. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்!

வண்டியை ஓட்டுகிறவர் கையில் ஹாண்டில் இருக்கிறது, பிரேக் இருக்கிறது. எதிரே வரும் பள்ளம் அவர் கண்ணுக்குத் தெரிகிறது. பின்னால் இருப்பவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவர் நம்பி உட்கார்ந்திருப்பது இரண்டை: ஒன்று, ஓட்டுகிறவர், இன்னொன்று, வண்டி. அந்த வண்டி எப்படி இருக்க வேண்டும்?

ஓசூரில் பிறந்த இரட்டைச் சீட்டு

பெங்களூர்க்காரர்களுக்கு மோட்டார் சைக்கிள் அயலூர்ச் சரக்கு அல்ல. மைசூர் யாதவகிரியில் ஐடியல் ஜாவா கம்பெனி 1961-ல் ஜாவா வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. 1973-ல் அவற்றுக்கு எஸ்டி என்று பெயர் மாறியது. 1996-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. இன்றும் ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் பழைய ஜாவா வண்டிகள் திரண்டு வருவதைப் பார்க்கலாம்.

சென்னை திருவொற்றியூரிலிருந்து என்பீல்டு புல்லட் வந்தது. 1972-ல் பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் வந்தது. ஆனால் இவை எல்லாம் சாதாரணத் தொழிலாளியின் கைக்கு எட்டாத வண்டிகளாகவே வெகுகாலம் இருந்தன. சைக்கிள் கேரியரில் மனைவியை உட்காரவைத்து மிதித்தவர்கள்தான் அதிகம்.

1980-ல் பெங்களூரிலிருந்து 40 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ள ஓசூரில் டி.வி.எஸ். 50 மொபெட் தயாரானது. அதுவரை இந்தியாவில் வந்த மொபெட்டுகள் ஒருவர் போவதற்கானவை. இருவர் உட்கார்ந்து போகலாம் என்று வந்த முதல் மொபெட் இதுதான். ஐம்பதே சிசி எஞ்சின்! அதில் கணவனும் மனைவியும் போனார்கள்; பால் கேனும் போயிற்று; காய்கறி மூட்டையும் போயிற்று.

அதே ஓசூரிலிருந்து 1984-ல் இண்ட் சுசுகி 100 சிசி மோட்டார் சைக்கிள் வந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் வந்தன. 1994-ல் ஸ்பிளெண்டர் வந்தது. குமாஸ்தாவும் தொழிலாளியும் மோட்டார் சைக்கிள் ஏறிய காலம் இது.

அந்த நாள் வண்டிகளில் ஒரு நல்ல அம்சம் உண்டு. சீட் நீளமாகவும் சமமாகவும் இருக்கும். இருவர் போவதற்கென்றே செய்த வண்டிகள் அவை. இப்போது விற்கும் வண்டிகளில் பல, ஒருவர் பறந்து போவதற்கென்று செய்து, பின்னால் கையகலத்துக்கு ஒரு மெத்தையை ஒட்டவைத்தவை.

100 சிசி வந்த கதை

"எத்தனை சிசி வண்டியில் இருவர் போகலாம்?" என்று பெங்களூரில் ஒரு சமயம் பெரிய குழப்பமே ஏற்பட்டது.

1989-ம் ஆண்டின் கர்நாடக மோட்டார் வாகன விதிகளில் 143-வது விதி, 100 சிசிக்குக் குறைந்த வண்டியில் பின்னால் ஆள் ஏற்றக்கூடாது என்று சொல்லியது. இந்த விதி இருப்பதே பலருக்குத் தெரியாது. விபத்து நஷ்டஈடு வழக்கு ஒன்றில் இன்சூரன்ஸ் கம்பெனி அப்பீல் செய்தபோது, அது ஐகோர்ட்டின் கவனத்துக்கு வந்தது. 2017 அக்டோபரில் கர்நாடகப் போக்குவரத்துத் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. 100 சிசிக்குக் குறைந்த புதிய வண்டிகளைப் பின் சீட்டோடு பதிவு செய்யக்கூடாது என்பது உத்தரவு.

நகரமே திகைத்தது. ஏனென்றால் "100 சிசி வண்டி" என்று எல்லாரும் சொல்லும் ஸ்பிளெண்டரின் எஞ்சின் 97.2 சிசிதான். பெண்கள் ஓட்டும் ஸ்கூட்டி பெப் 87.8 சிசி. கணக்குப் பார்த்தால் லட்சக்கணக்கான குடும்பங்களின் வண்டி இந்த வரம்புக்குள் வந்துவிடும்! எதிர்ப்புக் கிளம்பியதும், வரம்பை 50 சிசியாகக் குறைத்து விதியைத் திருத்துவதாக அரசு அறிவித்தது.

இந்த அமளியில் ஒரு கேள்வி அடிபட்டுப்போயிற்று. பின்னால் இருப்பவரின் பாதுகாப்பு சிசியிலா இருக்கிறது? 97 சிசி வண்டி ஒன்று அகன்ற சீட், பிடிகம்பி, சேலைக் கம்பி எல்லாவற்றோடும் இருக்கிறது. இன்னொரு வண்டி 390 சிசி; பின்னால் ஒரு சாண் உயரத்தில் வழுக்கும் மெத்தை, பிடிக்க இடமில்லை. மனைவியை எதில் ஏற்றுவது? சிசியைப் பார்ப்பவர் ஏமாந்துபோவார். சீட்டைப் பார்ப்பவர் தப்பிப்பார்.

சட்டம் கேட்கும் மூன்று

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒவ்வொரு மோட்டார் சைக்கிளிலும் மூன்று இருக்க வேண்டும்.

ஒன்று, ஓட்டுகிறவரின் சீட்டுக்குப் பின்னாலோ பக்கத்திலோ நிலையான கைப்பிடி.

இரண்டு, பின்னால் இருப்பவருக்குக் கால் வைக்கும் மிதி.

மூன்று, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு. உடை சக்கரத்தில் சிக்காமல் இருக்க இது. எல்லாரும் "சாரி கார்டு" என்று சொல்வது இதைத்தான்.

இந்த மூன்றும் கடையிலிருந்து வரும்போது வண்டியில் இருக்கும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் சாரி கார்டைக் காணோம்! "பார்க்க நன்றாக இல்லை" என்று கழற்றிவிடுவார்கள். முக்கியமாக வாலிபர்கள். கலியாணம் ஆன பிறகும் கழற்றியது கழற்றியதுதான்.

சேலை முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வண்டி 40 கிலோ மீட்டர் வேகத்தில் போனால் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. துணி சக்கரத்தில் சுற்றிக்கொண்டதைப் பின்னால் இருப்பவர் உணர்ந்து, கத்தி, முன்னால் இருப்பவர் காதில் விழுந்து, அவர் பிரேக்கை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். துப்பட்டா கழுத்தைச் சுற்றியிருந்தால் உயிருக்கே ஆபத்து. ஏறியவுடன் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வதும், துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொள்வதும் ஹெல்மெட் போடுவதைப் போலவே பழக்கமாக வேண்டும்.

சீட்டைப் பார்க்கும் விதம்

கடையில் வண்டியை நிறுத்திவைத்து இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் உட்கார்ந்து பார்த்து வாங்குவது, செருப்பை ஒரு காலுக்கு மட்டும் போட்டுப் பார்த்து வாங்குவதைப் போன்றது.

முதலில் சீட்டின் சாய்வு. சீட் முன்பக்கம் சரிந்திருந்தால் பிரேக் போடும்போதெல்லாம் பின்னால் இருப்பவர் முன்னால் வந்து மோதுவார். ஓட்டுகிறவர் பெட்ரோல் டாங்கை நோக்கி நகர்ந்துகொண்டே இருப்பார். இருவருக்கும் முதுகுவலிதான் மிச்சம். சீட் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும்.

அடுத்தது உயரம். பின் சீட் முன் சீட்டைவிட அதிக உயரத்தில் இருந்தால் பின்னால் இருப்பவரின் பாரம் மேலே போகிறது. வண்டி தள்ளாடும். வயதான தாயாரால் அதில் காலைத் தூக்கிப் போட்டு ஏறவே முடியாது. சேலை கட்டியவர் ஒரு பக்கமாக உட்காரவும் முடியாது.

பிறகு கால் மிதி. முழங்கால் அதிகமாக மடங்கினால் அரை மணி நேரத்தில் கால் மரத்துவிடும். இரண்டு பக்கமும் மிதி இருக்கிறதா, சைலன்ஸருக்கும் காலுக்கும் போதிய இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சைலன்ஸர் மேல் தகடு இல்லாத வண்டியில் வலது கெண்டைக்காலைச் சுட்டுக்கொண்டவர்கள் ஏராளம். குழந்தைகளின் கால் இன்னும் எளிதில் படும்.

கடைசியில் பிடிகம்பி. கை இயல்பாக நீட்டினால் எட்ட வேண்டும். விரல்கள் முழுவதும் கம்பியைச் சுற்ற வேண்டும். சில வண்டிகளில் அழகுக்காக ஒரு பிளாஸ்டிக் பிடி வைத்திருப்பார்கள். இரண்டு விரல்தான் நுழையும். அதைப் பிடியில்லாத வண்டி என்றே கணக்கில் வைக்க வேண்டும்.

ஒரு பக்கமாக உட்காரலாமா?

இருபுறமும் கால் போட்டு உட்காருவதே பாதுகாப்பானது என்பதில் ஐயமில்லை. அப்படி உட்கார்ந்தால் பாரம் நடுவில் இருக்கும். இரண்டு காலும் மிதியில் இருக்கும். திடீர் பிரேக்கில் தடுமாறினாலும் சமாளிக்கலாம். ஒரு பக்கமாக உட்கார்ந்தால் பாரம் முழுவதும் இடதுபக்கம் சாய்கிறது. அதைச் சமன் செய்ய ஓட்டுகிறவர் தன்னை அறியாமல் வலதுபக்கம் உடலைச் சாய்த்துக்கொண்டே ஓட்டுகிறார். வண்டி பின்னாலிருந்து லேசாக இடிபட்டால்கூட முதலில் விழுபவர் அவர்தான்.

ஆனாலும் சேலை கட்டும் பெண்களில் பலர் ஒரு பக்கமாகத்தான் உட்காருகிறார்கள். அப்படியானால் அதற்குத் தகுந்த வண்டி வேண்டும். சாரி கார்டோடு சேர்ந்து இரண்டு பாதமும் ஊன்றும்படி அகலமான கால் பலகை இருக்க வேண்டும். வலது கை எட்டும் இடத்தில் பிடிகம்பி இருக்க வேண்டும். சீட் அகலமாக இருக்க வேண்டும். வேகம் குறைய வேண்டும். கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்கள் பலர் சுடிதாருக்கு மாறியதில், வண்டிப் பயணம் எளிதாயிற்று என்பதும் ஒரு காரணம்.

பாரக் கணக்கு

கணவர் 68 கிலோ, மனைவி 57 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இருவரும் சேர்ந்து 125 கிலோ. ஸ்பிளெண்டர் போன்ற வண்டியின் எடை சுமார் 112 கிலோ. அதாவது, சுமக்கும் வண்டியைவிடச் சுமை அதிகம்! எஞ்சின் முக்குவதற்கும், பிரேக் பிடிக்கத் தாமதமாவதற்கும் இதுதான் காரணம்.

புல்லட் 350 வண்டி ஏறக்குறைய 195 கிலோ. இதே இருவர் ஏறினால் மொத்த எடையில் ஐந்தில் இரண்டு பங்குதான் ஆட்கள். ஆகவே வண்டி அசையாமல் போகும். நெடுஞ்சாலையில் சுகம். ஆனால் சில்க் போர்டு நெரிசலில் மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு அந்த 195 கிலோவைக் காலால் தாங்கி நிறுத்த வேண்டுமே! உயரம் குறைந்தவருக்கு அது தினமும் ஒரு சோதனை.

எனவே இப்படிப் பிரித்துக்கொள்வது நல்லது.

நகரத்துக்குள் தினம் பத்துப் பதினைந்து கிலோ மீட்டர் இருவர் போவதற்கு 110 முதல் 125 சிசி வண்டி போதும். 100 சிசி வண்டியும் போகும். மேடு ஏறும்போதும் லாரியைத் தாண்டும்போதும் அதன் எல்லையை அறிந்து ஓட்ட வேண்டும். ஒருவர் ஓட்டும்போது தாண்டக்கூடிய லாரியை, இருவர் ஏறியிருக்கும்போது தாண்ட முடியாது.

மாதம் ஒரு முறை கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று இருவராகப் போய் வருகிறவர்களுக்கு 150 சிசியும் அதற்கு மேலும் நல்லது. பெங்களூரிலிருந்து சேலம் 200 கிலோ மீட்டர். தர்மபுரியைத் தாண்டியதும் தொப்பூர் இறக்கம். கனரக லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதிய விபத்துகளுக்குப் பெயர்போன இடம் அது. அந்த இறக்கத்தில் இருவர் பாரத்தோடு வண்டியை நியூட்ரலில் விடுவது தற்கொலைக்குச் சமம். கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்க வேண்டும். மைசூர் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பெங்களூர்-மைசூர் விரைவுச் சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் 1-ந் தேதி முதல் இரு சக்கர வாகனங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது.

ஸ்கூட்டர் பக்கம்

வயதான பெற்றோரையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்கிறவர்களுக்கு ஸ்கூட்டரே தோது. சீட் தாழ்வு, அகலம் அதிகம், பின் சக்கரமும் எஞ்சினும் மூடியிருப்பதால் சேலை சிக்கும் பயம் குறைவு. காய்கறிப் பையை முன்னால் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு குறையும் உண்டு. ஸ்கூட்டரின் சக்கரம் சிறியது. மோட்டார் சைக்கிளின் பெரிய சக்கரம் ஏறி இறங்கிவிடும் பள்ளத்தில் சின்னச் சக்கரம் விழுந்து குதிக்கும். அந்த அடி முழுவதும் பின்னால் இருப்பவரின் இடுப்பில்தான் இறங்கும். மழைக்காலத்துப் பெங்களூர் ரோடுகளை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

மின்சார ஸ்கூட்டர்களும் பெருகிவிட்டன. பெங்களூர்க் கம்பெனியான ஏதர், ஓசூர் தொழிற்சாலையில் வண்டி தயாரிக்கிறது. குடும்பத்துக்கென்று நீளமான சீட் வைத்த ரிஸ்டா என்ற ஸ்கூட்டரை அது 2024-ல் கொண்டுவந்தது. மின்சார வண்டியில் பாட்டரி கீழே இருப்பதால் பாரம் தாழ்வாக இருக்கிறது. இது நல்லதுதான். ஆனால் விளம்பரத்தில் சொல்லும் தூரம் இருவர் ஏறினால் குறையும். தினமும் இருவர் போகிறவர்கள் அதைக் கழித்துக்கொண்டே கணக்குப் போட வேண்டும்.

காற்றும் ஸ்பிரிங்கும்

நல்ல வண்டி வாங்கியும் பின்னால் இருப்பவர் "முதுகு போகிறதே" என்று சொன்னால் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பின் ஷாக் அப்சர்பர். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் அதன் ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் படிகள் இருக்கும். ஒருவர் போவதற்குத் தளர்வாக வைத்திருப்பார்கள். அதே நிலையில் இருவர் ஏறினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் "டக்" என்று அடிவாங்கும். மெக்கானிக்கிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் ஒன்றிரண்டு படி ஏற்றிவிடுவார். பின்பக்கம் தாழ்ந்தால் முன்விளக்கு மேலே தூக்கி, எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசச் செய்யும் என்பதையும் மறக்கக்கூடாது.

இரண்டு, பின் டயர் காற்று. ஒருவர் போனால் இவ்வளவு, இருவர் போனால் இவ்வளவு என்று வண்டியோடு தரும் புத்தகத்தில் இரண்டு அளவு போட்டிருக்கும். ஒருவருக்கு 29 பவுண்டு, இருவருக்கு 36 பவுண்டு என்று சொல்லும் ஸ்கூட்டர்கள் உண்டு. பலர் பெட்ரோல் பங்கில் "முப்பது போடு" என்பதோடு சரி. தினமும் மனைவியை ஏற்றிச் செல்கிறவர் இருவருக்கான அளவையே வைத்துக்கொள்ள வேண்டும். காற்றுக் குறைந்த டயர் சூடேறும், வளைவில் நெளியும், பஞ்சர் ஆனால் வண்டி வாலை ஆட்டும்.

பிரேக்

2019 ஏப்ரல் 1 முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. திடீரென்று பிரேக் போட்டாலும் சக்கரம் இறுகிச் சறுக்காமல் இது பார்த்துக்கொள்ளும். 125 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு, ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ். ஏற்பாடாவது இருக்க வேண்டும் என்று விதி வந்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் 2019-க்கு முந்தியதா, பிந்தியதா என்று பார்ப்பது நல்லது.

ஆனால் எந்த பிரேக்கும் மந்திரம் அல்ல. வேகம் 40-லிருந்து 60 ஆனால் வண்டியின் உந்துவிசை ஒன்றரை மடங்கு ஏறினாலும், அதை நிறுத்தத் தேவையான தூரம் இரண்டேகால் மடங்கு ஆகிறது. இருவர் ஏறியிருக்கும்போது முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் உள்ள இடைவெளியை இரட்டிப்பாக்க வேண்டும். பின்னால் இருப்பவரும் தயாராக இல்லாதபோது பிரேக் போட்டால் அவர் பாரமும் ஓட்டுகிறவரின் முதுகில் விழுகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது ஹெல்மெட்

கர்நாடகத்தில் பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்ற விதி 2016 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. வண்டி வாங்கும் பட்ஜெட்டிலேயே இரண்டு ஹெல்மெட்டுக்குப் பணம் ஒதுக்கிவிட வேண்டும். ஓட்டுகிறவருக்கு நல்ல ஹெல்மெட், மனைவிக்கு ரோட்டோரத்தில் வாங்கிய தொப்பி என்பது பல குடும்பங்களின் கதை. போலீசாருக்காகப் போடும் தொப்பி போலீசாரிடமிருந்துதான் காப்பாற்றும். தார் ரோட்டிலிருந்து காப்பாற்றாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இரு சக்கர வாகன ஹெல்மெட்டுகளை விற்பது 2021 ஜூன் 1 முதல் தடை செய்யப்பட்டது.

சட்டப்படி ஓட்டுகிறவரைத் தவிர ஒருவர் மட்டுமே வண்டியில் போகலாம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றிச் சென்றால், குழந்தையை ஓட்டுகிறவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40 கிலோ மீட்டரைத் தாண்டக்கூடாது. 2022-ல் அறிவிக்கப்பட்ட இந்த விதி 2023 பிப்ரவரி 15 முதல் அமலுக்கு வந்தது. கணவன், மனைவி, நடுவில் பிள்ளை, டாங்கின் மேல் இன்னொரு பிள்ளை என்று ஞாயிற்றுக்கிழமை லால்பாக் போகும் குடும்பங்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று ஒரு நாள் பஸ்ஸில் போனால் குறைந்துபோகாது.

இன்சூரன்சில் ஒளிந்திருக்கும் பள்ளம்

வண்டி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது இதுதான். "இன்சூரன்ஸ் இருக்கிறது" என்றால் எல்லாருக்கும் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். அப்படி அல்ல.

சட்டத்துக்காக மட்டும் எடுக்கும் தேர்டு பார்ட்டி பாலிசி, வண்டியால் பாதிக்கப்படும் வெளியாட்களுக்கானது. பின்னால் உட்கார்ந்து வருபவர் அந்தப் பாலிசியின்படி வெளியாள் ஆகமாட்டார் என்று சுப்ரீம் கோர்ட் 2006-லும் 2008-லும் தீர்ப்பளித்தது. அதாவது, கணவர் ஓட்டிய வண்டி தானாகவே சறுக்கி விழுந்து மனைவி கால் உடைந்தால், அந்தப் பாலிசியை வைத்துக்கொண்டு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் நஷ்டஈடு பெறுவது கடினம்!

முழுப் பாதுகாப்புப் பாலிசி எடுத்தால் பின்னால் இருப்பவரும் அதில் அடங்குவார் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009-ல் தெளிவுபடுத்தியது. இது தவிர, பின்னால் இருப்பவருக்கென்று தனி விபத்துக் காப்பும் கேட்டு வாங்கலாம். 2018 செப்டம்பரிலிருந்து புதிய இரு சக்கர வண்டிகளுக்கு ஐந்து ஆண்டு தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் சேர்த்தே எடுக்க வேண்டியதாயிற்று. "ஐந்து வருஷத்துக்கு இருக்கிறதே" என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். முதல் ஆண்டு முடிந்ததும் முழுப் பாதுகாப்பு தீர்ந்துபோய், வெறும் தேர்டு பார்ட்டி மட்டுமே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் ஏராளம். பாலிசிக் காகிதத்தை இன்றே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஊர் நம்பர் வண்டி

வேலூர், திருவண்ணாமலை, சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பலர் ஊரில் அண்ணன் வைத்திருந்த வண்டியைக் கொண்டுவந்து இங்கே ஓட்டுவது வழக்கம். வேறு மாநில நம்பர் வண்டியை 12 மாதத்துக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவு வாங்க வேண்டும் என்பது சட்டம். ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசில் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, நம்பர் மாற்ற வேண்டும். பழைய வண்டியை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று வாங்குமுன் இந்தச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பழைய வண்டியில் பின்னால் இருப்பவருக்காகப் பார்க்க வேண்டியவை வேறு: பின் டயர் தேய்மானம், ஷாக் அப்சர்பரில் ஆயில் கசிவு, ஆடும் கால் மிதி, துருப்பிடித்த பிடிகம்பி, கழற்றி எறிந்த சாரி கார்டு. இவை எல்லாம் சில நூறு, சில ஆயிரம் ரூபாயில் சரிசெய்யக்கூடியவை. விலை பேசும்போதே சொல்லிக் கழித்துக்கொள்ளலாம்.

ஒரு சுற்று போதும்

கடைக்குப் போகும்போது மனைவியோ, தாயாரோ, தங்கையோ, பின் சீட்டில் தினமும் உட்காரப்போவது யாரோ அவரை அழைத்துக்கொண்டு போக வேண்டும். அவர் அன்றாடம் கட்டும் உடையிலேயே வர வேண்டும். கடைக்காரர் ஓட்டிப் பார்க்க வண்டி கொடுத்தால் நல்ல ரோட்டில் ஓட்டிவிட்டு வந்துவிடக்கூடாது. இரண்டு வேகத்தடை, ஒரு மேடு, ஒரு பள்ளம் உள்ள தெருவில் இருவராக ஒரு சுற்று வர வேண்டும். பெங்களூரில் அப்படிப்பட்ட தெருவைத் தேடி அலையத் தேவையில்லை!

திரும்பி வந்து இறங்கியதும் மைலேஜைப் பற்றிப் பேசுமுன் பின்னால் இருந்தவரிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். "பிடிக்க இடம் இருந்ததா? கால் ஊன்ற இடம் இருந்ததா? பயமாக இருந்ததா?"

"இருக்கட்டும், பரவாயில்லை" என்று பதில் வந்தால் அந்த வண்டி வேண்டாம் என்று அர்த்தம். குடும்பத்துக்குச் செலவு வைக்கக்கூடாது என்பதற்காக நம் பெண்கள் சொல்லும் வார்த்தை அது. இன்னும் இரண்டு வண்டியில் உட்கார்ந்து பார்க்கட்டும். தவணை மூன்று ஆண்டில் முடிந்துவிடும். அந்தச் சீட்டில் அவர் உட்காரப்போவது அதற்குப் பிறகும் பல ஆண்டுகள்.